முதல் தோல்வியோடு முடியும் கல்லூரிக் கூடைப்பந்து

சித்தேரி மாணவருக்கும் எட்டுகிற தொழில்முறைப் பாதை வேண்டுமென்றால், முதலில் மாற வேண்டியது போட்டி முறை

32 கல்லூரிகள் கலந்துகொள்ளும் ஒரு நாக்-அவுட் கூடைப்பந்துப் போட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 31 ஆட்டங்கள். முதல் சுற்றிலேயே 16 அணிகள் ஊர் திரும்பிவிடும். அடுத்த சுற்றில் இன்னும் 8. ஐந்து ஆட்டங்கள் ஆடும் வாய்ப்பு இறுதிப் போட்டிக்கு வரும் 2 அணிகளுக்கு மட்டுமே. ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம். ஆக, வந்தவர்களில் சரிபாதிப் பேருக்கு அந்த ஆண்டின் கல்லூரிக் கூடைப்பந்து 40 நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவருக்கு அதுவும் இல்லை. தமிழகப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கல்லூரிகளுக்கு இடையே நடத்தும் போட்டிகள் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான், இரண்டு மூன்று நாட்களுக்குள், நடந்து முடிகின்றன. அதிலிருந்து தேர்வாகும் பல்கலைக்கழக அணி தென்மண்டலப் போட்டிக்குப் போனால் அங்கேயும் தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட். மண்டலத்தில் முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவர்களே அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியைப் பார்க்க முடியும். அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரி அணியோ நவம்பர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய 30 ஆட்டங்கள் ஆடுகிறது. நம் கல்லூரிக் கூடைப்பந்தைச் சீர்திருத்த நினைப்பவர்கள் பணம், நட்சத்திரம், தொலைக்காட்சி என்று தொடங்குகிறார்கள். ஒரு சாதாரண அரசுக் கல்லூரி மாணவருக்கு ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்ற கேள்வியில் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் பாதை அந்த இடத்தில்தான் அடைபட்டிருக்கிறது.

இதைச் சென்னையில் வைத்து யோசிப்பதைவிட தருமபுரி மாவட்டத்துச் சித்தேரியில் வைத்து யோசித்தால் நேர்மையான விடை கிடைக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் சிறு சிறு மலைக்கிராமங்களாகச் சிதறிக் கிடக்கும் ஊராட்சி அது. மலையாளி பழங்குடியினர் வாழும் மண். சாமையும் ராகியும் மரவள்ளியும் விளையும் சரிவுகள். பள்ளிப் படிப்புக்கு மலைமேலேயே அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. கல்லூரி என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும்: அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, இல்லையென்றால் தருமபுரி. இந்தக் கல்லூரிகள் சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.5 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் இது. இங்கே மலையிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிப் படியேறுவதே ஒரு சாதனை. சென்னையில் ஆறடி உயரத்தில் ஒரு பையன் பந்தைத் தட்டினால் அவனைப் பார்க்கப் பத்துக் கண்கள் உண்டு: பயிற்சியாளர்கள், கிளப்புகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் தேடும் தனியார் பல்கலைக்கழகங்கள். சித்தேரியிலிருந்து இறங்கிய மாணவருக்கோ மாணவிக்கோ கல்லூரிப் போட்டி ஒன்றுதான் கண். அந்தக் கண்ணும் ஆண்டுக்கு ஒருமுறை, 40 நிமிடம் மட்டும் திறக்கிறது. எந்தச் சீர்திருத்தமானாலும் அது இவர்களுக்கு எட்டுகிறதா என்று பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும்.

வேலைதான் நம் தொழில்முறை

தமிழ்நாட்டுக்குக் கூடைப்பந்து புதிதல்ல. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய இந்த ஆட்டத்தை இந்தியாவில் வேரூன்ற வைத்ததும் ஒய்.எம்.சி.ஏ.தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை ஊர் ஊருக்கு அனுப்பியது. அதன் விளைச்சலை இன்றும் பார்க்கலாம். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை. சென்னை லயோலா கல்லூரியில் பெர்ட்ராம் நினைவுப் போட்டி. தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டி. ஒரு சின்ன ஊரில் இரவு விளக்கொளியில் வங்கி அணியும் ரயில்வே அணியும் ராணுவ அணியும் மோதுவதைச் சுற்றுவட்டார ஜனம் உட்கார்ந்து பார்க்கிறது என்றால் ஆட்டத்தின் மேல் இங்கே பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அந்தப் போட்டிகளில் ஆடுவது பெரும்பாலும் டிபார்ட்மென்ட் டீம்கள். நம் ஊரில் கூடைப்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து அலுவலக அணிக்கு ஆடுபவர் என்றுதான் பொருள்.

அந்தப் பாதையை இகழ இடமில்லை. 2000-ல் இந்திய அணிக்குள் வந்து, இளம் வயதிலேயே தலைவியாகி, 2017 வரை நாட்டுக்காக ஆடிய அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர்; 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்பில் ஆடினார்; 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகளின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டார். மாதச் சம்பளம் என்ற பிடிமானம் இருந்ததால்தான் இப்படி நீண்டகாலம் ஆட முடிந்தது. இந்தப் பாதையின் நுழைவாயிலில் கல்லூரி நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் விளையாட்டு வீரர்களை நேரடியாக நியமிப்பதற்கான விதிகள் சில வகையினரைத் தகுதியுள்ளவர்களாகச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அதற்கென்று தனிச் சான்றிதழ்ப் படிவமே உண்டு. ஆட்டக்காரர்கள் ஃபார்ம் 3 என்பார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழக ஜெர்சி என்பது ஒரு மாணவரின் வாழ்க்கைக்குப் பிடிமானம் தரக்கூடிய காகிதம்.

இப்போது நாக்-அவுட் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நான்கு மாவட்டங்களின் கல்லூரிகளிலிருந்து 12 பேர் கொண்ட ஓர் அணி. அந்த 12 பேரைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் போட்டியும் ஒரு நாள் செலக்‌ஷனும். முதல் சுற்றிலேயே பலமான அணியோடு மோதும்படி ஃபிக்ஸ்சர் விழுந்த கல்லூரியில் ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்தால், அவரைத் தேர்வாளர்கள் பார்த்தது அந்த ஒரே ஆட்டத்தில்தான். அன்று காய்ச்சல் என்றால் ஓராண்டு போயிற்று. இன்டர்-யுனிவர்சிட்டியில் ஆட வயது வரம்பு 17 முதல் 25 என்றாலும், இளங்கலைப் படிப்பு மூன்றே ஆண்டு. அரசுக் கல்லூரி மாணவர் மூன்று முறை சீட்டுக் குலுக்கலில் நிற்கிறார், அவ்வளவுதான். நல்ல பயிற்சியும் விடுதி வசதியும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் வெளிப் போட்டிகளுக்கும் தங்கள் அணியை அனுப்பி ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அரூர்க் கல்லூரிக்கு அந்த வசதி இல்லை. திறமையில் இருக்கும் வேறுபாட்டைவிட ஆடக் கிடைத்த ஆட்டங்களில் இருக்கும் வேறுபாடு பெரியது. முடிவில் அது திறமை வேறுபாடாகவே மாறிவிடுகிறது.

மேலிருந்து கட்டிய லீக்குகள்

தொழில்முறைக் கூடைப்பந்து வளர வேண்டும் என்று இந்தியாவில் யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் ஐ.எம்.ஜி., ரிலையன்ஸ் கூட்டு நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கூட்டு நீடித்தவரை நாடு தழுவிய லீக் பிறக்கவில்லை. 2015-ல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் வந்தது. சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி கிடைத்தது. சில சீசன்களில் அது நின்றுபோனது. 2018-ல் மூவர் ஆட்டத்துக்கு ஒரு லீக். பின்னர் சம்மேளனத்தின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது, சென்னை ஹீட் உட்பட 6 நகர அணிகள் ஆடின. 2025-ல் அதுவே 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான லீக்காக டெல்லியின் ஒரே அரங்கில் நடந்தது. முயன்றவர்களின் உழைப்பை மதிக்க வேண்டும். ஆனால், ஒவ்வொரு முயற்சியும் ஒரே இடத்தில் தடுமாறியது. பார்வையாளருக்கு ஆட்டக்காரரின் பெயரோ ஊரோ தெரியாது. அவர் கல்லூரியில் மூன்றாண்டு ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வாய்க்கால் வெட்டாமல் மதகு மட்டும் கட்டினால் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இதே தமிழ்நாட்டில் வேறு இரண்டு ஆட்டங்கள் மாற்றுச் சான்று தருகின்றன. 2014-ல் தொடங்கிய புரோ கபடி நிலைத்ததற்கு முதல் காரணம், ஊர்த் திருவிழாக்களிலும் கிராமத்து இரவுப் போட்டிகளிலும் ஆண்டு முழுக்க ஆடிய ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே தயாராக இருந்தது. தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டில், பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து ஆடி வந்த நடராஜன் சென்னையின் டிவிஷன் லீக்கில் நுழைந்தார். அங்கிருந்து ரஞ்சி, டி.என்.பி.எல்., ஐ.பி.எல்.; 2020 டிசம்பரில் இந்திய அணி. நெசவும் கூலியும் சூழ்ந்த ஓர் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போக முடிந்ததற்கு அவருடைய யார்க்கர் காரணம். அந்த யார்க்கரை வாரா வாரம் வீசிக் காட்ட ஒரு டிவிஷன் லீக் இருந்தது இன்னொரு காரணம். ஒருநாள் சொதப்பினாலும் அடுத்த வாரம் பந்து கையில் வரும் என்ற உறுதியை லீக் மட்டுமே தர முடியும்.

உலகத்திலும் இதே பாடம்தான். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பி.பி.ஏ. 1975-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. அதற்கு 37 ஆண்டுகள் முன்பே, 1938-ல், மணிலாவின் பல்கலைக்கழகங்கள் யு.ஏ.ஏ.பி. என்ற சங்கத்தை அமைத்துத் தங்களுக்குள் மோதத் தொடங்கிவிட்டன. நம்மைவிட உயரமான இனம் அல்ல அவர்கள். ஆனாலும் கல்லூரிக்குக் கல்லூரி இருந்த பகையும் பாசமும் தொழில்முறை லீக்குக்கு ஆட்டக்காரர்களையும் ரசிகர்களையும் ஒருசேரக் கொடுத்தன. நம் நாட்டின் வரலாறு வேறு மாதிரி. 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது தேர்வாக எடுத்த சத்னாம் சிங், என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்திலிருந்து லூதியானா அகாடமிக்கும், 2010-ல் அங்கிருந்து ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்கும் போனவர். பிரின்ஸ்பால் சிங் லூதியானாவிலிருந்து என்.பி.ஏ. அகாடமி வழியாக அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணிக்குப் போனார். இருவர் பாதையிலும் இந்தியக் கல்லூரிக்கு இடமே இல்லை. ஏழடி உயரம் இருந்தால் உலகமே தேடி வரும். ஐந்தே முக்கால் அடி உயரமும் நல்ல கையும் உள்ள மற்றவர்களுக்குப் பாதை போட வேண்டியது நம் கல்லூரிகளின் பொறுப்பு.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

கல்லூரி லீக் என்றதும் அமெரிக்காவைப் பார்த்து மயங்குபவர்கள் உண்டு. அங்கே நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ல் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதத் தொடருக்கு மட்டும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் வியர்வை சிந்தியவர்களுக்கு அமெச்சூர் என்ற பெயரில் படிப்பு உதவித்தொகை மட்டுமே. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்கினார்கள். முன்னாள் கல்லூரி வீரர் எட் ஓபேனன் தன் உருவம் வீடியோ விளையாட்டில் விற்கப்பட்டதை எதிர்த்து 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்தி வருமானம் தேட மாணவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2025 ஜூன் 6-ல் ஹவுஸ் வழக்குச் சமரசம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது: பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு, அதன் பிறகு ஒரு கல்லூரி தன் வருமானத்தை மாணவர்களோடு நேரடியாகப் பகிரலாம், முதல் ஆண்டுக்கான வரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர்.

தொழில்முறை வாசலிலும் அவர்கள் இடறினார்கள். 19 வயதும் பள்ளி முடித்து ஓராண்டும் ஆகாதவரை என்.பி.ஏ.வில் எடுக்கக் கூடாது என்று 2005 ஒப்பந்தம் விதித்தது. விளைவு, தலைசிறந்த மாணவர்கள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் தங்கிவிட்டுப் பட்டம் இல்லாமல் கிளம்பினார்கள். 2017-ல் கல்லூரிக் கூடைப்பந்தில் லஞ்ச விவகாரம் வெடித்த பிறகு காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு 2018 ஏப்ரலில் இந்த விதியை ஒழிக்கச் சொன்னது. விதி இன்னும் இருக்கிறது. அவ்வளவு பெரிய அமைப்பிலும் கல்லூரி வீரர்களில் என்.பி.ஏ.வுக்குப் போவது நூற்றுக்கு ஒருவர் அளவுதான். மீதி 99 பேருக்குக் கடைசியில் கையில் இருப்பது பட்டம். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஆட்டங்களின் எண்ணிக்கையை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மாணவரின் உரிமையைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். அவர்கள் ஒரு நூற்றாண்டு தாமதித்து நீதிமன்றப் படியேறிப் பெற்றதை நாம் முதல் நாளே ஒரு பக்கக் காகிதத்தில் தர முடியும். விளையாட்டு இடத்தில் சேரும் மாணவருக்கு முழுப் படிப்புக் காலத்துக்கும் எழுத்தில் உறுதி, காயம் பட்டால் இடமும் விடுதியும் பறிபோகாது என்ற உறுதி, மருத்துவக் காப்பீடு, வேறு கல்லூரிக்கு மாறும் உரிமை, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற நிபந்தனை. கடைசியாகச் சொன்னதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக அறிவித்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்கும் அது பொருந்தும் என்று உரக்கச் சொன்னால் போதும்.

14 சனிக்கிழமைகள்

சீர்திருத்தத்தின் முதல் படி மிகச் சாதாரணமானது. தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் வட்டாரத்து அரசு, தனியார் கல்லூரிகளிலிருந்து 8 அணிகளை ஒரு குழுவாக்கலாம். ஒவ்வோர் அணியும் மற்ற 7 அணிகளோடு இரண்டு முறை மோதினால் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள், மொத்தம் 56. சனிக்கிழமைக்கு 4 ஆட்டம் என்று வைத்தால் 14 சனிக்கிழமைகளில் லீக் முடிந்துவிடும். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடும் தூரம்தான். தங்கும் செலவு கிடையாது. பெண்கள் அணிகளுக்கும் அதே நாளில், அதே கோர்ட்டில், அதே எண்ணிக்கையில் ஆட்டங்கள் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அந்தப் பிறகு வரவே வராது. சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரியிலும் இதேபோல் குழுக்கள் அமைத்தால் பல்கலைக்கழகச் சாம்பியன் யார் என்பது நான்கு மாவட்ட வெற்றியாளர்களிடையே முடிவாகும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முறையான ஸ்கோர் ஷீட் எழுதி, யார் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட், எத்தனை அசிஸ்ட் என்பதைப் பொதுவில் வைத்தால் பல்கலைக்கழக அணித் தேர்வு ஒரு நாள் செலக்‌ஷனிலிருந்து விடுபட்டு 14 வார ஆதாரத்தின் மேல் நிற்கும். தேர்வாகாதவர் ஏன் தேர்வாகவில்லை என்று கேட்கவும் வழி பிறக்கும். செல்போனில் எடுத்த ஆட்டப் பதிவு சென்னையில் இருக்கும் வங்கி அணிப் பயிற்சியாளருக்கும் போய்ச் சேரும்.

அடுத்த படி பல்கலைக்கழகங்களுக்கு இடையே. பெரியார், பாரதியார், பாரதிதாசன், சென்னை, மதுரை காமராசர், அண்ணாமலை ஆகியவையும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களும் இரண்டு டிவிஷனாக லீக் ஆடலாம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் விதி இருக்கட்டும். 2023 முதல் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவோடு நடக்கும் முதலமைச்சர் கோப்பை நல்ல தொடக்கம். ஆனால், மாவட்டத்தில் வென்றால்தான் மேலே என்ற ஆண்டுக்கு ஒருமுறைப் போட்டி அது. அதன் பரிசுத் தொகைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்த லீக்கின் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் காட்டலாம். மூன்றாவது படி, தொழில்முறை லீக் நடத்துபவர்களோடு ஒப்பந்தம்: ஒவ்வோர் அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கல்லூரி லீக்கிலிருந்து ஆள் எடுக்க வேண்டும், ஒப்பந்தம் பெற்ற மாணவர் பட்டத்தை முடிக்கக் கல்லூரி வழிவிட வேண்டும். வேலையில் சேர்ந்தவருக்குத் தொழில்முறை லீக் ஆட வங்கியும் ரயில்வேயும் விடுப்புத் தர வேண்டும். வேலையும் லீக்கும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் ஏற்பாடு அது.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு, மலைப்பிள்ளைகளுக்கு ஓட்டமும் கபடியும்தானே இயல்பு, உயரம் கேட்கும் ஆட்டம் எதற்கு என்பது. எந்தப் பிள்ளைக்கு எது இயல்பு என்று ஆடவிட்டுப் பார்க்காமல் முடிவு செய்வதில் ஒரு பழைய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள மக்ஸி போக்ஸ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து என்.பி.ஏ.வில் 14 சீசன்கள் ஆடினார். பந்தைக் கொண்டுபோகும் கார்டுக்கு வேகமும் மூச்சும் பார்வையும் முதலில் வேண்டும். மலைச்சரிவில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்கு அவற்றில் என்ன குறை? இடம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. சமதளம் அரிதான மலையூருக்குக் கால்பந்து மைதானத்தைவிடக் கூடைப்பந்துக் கோர்ட்டே பொருத்தம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் விட்டாலும் ஏறக்குறைய 15 சென்ட் நிலத்தில் அடங்கிவிடும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட மூவர் ஆட்டத்துக்கு 15-க்கு 11 மீட்டர் போதும். அது 4 சென்ட் சொச்சம். அதற்கு ஓர் அணியில் 4 பேர், ஒரே ரிங், 10 நிமிட ஆட்டம். சித்தேரி உண்டு உறைவிடப் பள்ளி போன்ற இடங்களில் சிமென்ட் தளமும் 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு ரிங்கும் அமைப்பது அரசுக்குப் பெரிய செலவே இல்லை. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால் மாலைப் பயிற்சிக்குப் பேருந்து தவறும் கவலையும் கிடையாது.

கல்லூரியில் அந்தக் கவலை உண்மையானது. மாலைப் பயிற்சி முடியும் நேரமும் மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தும் ஒத்துவராவிட்டால் எவ்வளவு பெரிய திறமையும் இரண்டு வாரத்தில் கோர்ட்டை விட்டு விலகிவிடும். லீக்கில் பெயர் பதிந்த மலைக்கிராம மாணவர்களுக்கு அரசு விடுதியில் முன்னுரிமை தர வேண்டும். இல்லையென்றால் பயிற்சியைக் காலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாகப் போய்ச் சேர்கிறது. அதே வழியில் லீக் ஆடும் மாதங்களுக்கு உணவுப்படியாக ஒரு சிறு தொகையைச் சேர்க்கலாம். படிப்பு கெடும் என்ற மறுப்புக்கு விடை கணக்கிலேயே இருக்கிறது. செமஸ்டர் நடுவில் தொடர்ந்து சில நாள் வகுப்புகளை விழுங்குவது இன்றைய போட்டி முறைதான். சனிக்கிழமை லீக் வகுப்பைத் தொடாது. போதிய வருகைப்பதிவும் தேர்ச்சியும் இருந்தால்தான் அடுத்த செமஸ்டரில் ஆடலாம் என்று விதித்தால் பந்தே படிக்க வைக்கும். உடற்கல்வி இயக்குநர் ஒருவரே எல்லா விளையாட்டையும் பார்க்கிறார் என்பதும் நியாயமான குறை. மாவட்டத்தில் ஏற்கெனவே ஆடி முடித்த முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு நடுவர் பயிற்சியும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியமும் கொடுத்தால் சுமை குறையும். அவர்களுக்கும் ஆட்டத்தோடு ஒரு தொடர்பு நீடிக்கும்.

கனமான மறுப்பு ஒன்று மீதி இருக்கிறது. சிலருக்கே கிடைக்கக்கூடிய தொழில்முறை ஆசையைக் காட்டி ஏழைப் பிள்ளைகளின் மூன்றாண்டை வீணாக்குகிறீர்களே என்று பெற்றோர் கேட்டால், அது கேட்க வேண்டிய கேள்வி. நூற்றுக்கு ஒருவர் கணக்கு இங்கே இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். அதனால்தான் லீக்கை முன்வைக்கிறோம். நாக்-அவுட் வென்றவருக்கு மட்டும் காகிதம் தருகிறது. லீக்கில் 14 ஆட்டம் ஆடியவருக்கு, அவர் அணி கடைசி இடத்தில் முடிந்தாலும், பதிவு இருக்கிறது, உடல் தயாராகிறது, நடுவர், பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், சீருடைப் பணி என்று பக்கக் கதவுகள் திறக்கின்றன, கையில் பட்டமும் இருக்கிறது. மேலே போகாதவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாத அமைப்புக்குத்தான் மேலே போகும் சிலரைக் கொண்டாடும் உரிமை உண்டு.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்தான் இந்தியக் கூடைப்பந்து அணி ஆடிய ஒரே ஒலிம்பிக். பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த அந்த வாய்ப்பில் ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. 12 அணிகளில் 12-வது இடம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு திட்டமும் உச்சியில் ஒரு நட்சத்திரத்தையோ ஒரு லீக்கையோ நட்டுவிட்டு அது கீழ்நோக்கி வேர்விடும் என்று காத்திருந்தது. பெரியார் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் நினைத்தால் வரும் கல்வியாண்டிலேயே ஒரு மாவட்டத்தில் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டலாம். சட்டத் திருத்தம் வேண்டாம், புதிய அரங்கம் வேண்டாம், ஓர் அட்டவணையும் பேருந்தும் நடுவரும் போதும். தொடங்கிய பிறகு ஆண்டு முடிவில் ஒரே ஓர் எண்ணை வெளியிட வேண்டும்: சித்தேரி போன்ற மலைக்கிராமங்களிலிருந்து வந்த மாணவரும் மாணவியும் சராசரியாக எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்ற எண். அது இரட்டை இலக்கத்தைத் தொட்ட பிறகு தொழில்முறைக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்கும்.